உறைந்த குக்கி மாவும் நான் மாற்றிய நாலு கவர்களும்

"அக்கா, குக்கியில மீன் வாசம் அடிக்குதுங்க" என்று கோவை சாயிபாபா காலனியிலிருந்து ஒரு வாடிக்கையாளர் போனில் சொன்னபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. வெண்ணெய், நாட்டுச்சர்க்கரை, ராகி, மைதா, கொஞ்சம் ஏலக்காய். இதில் மீன் எங்கிருந்து வரும்? அவர் அனுப்பிய படத்தைப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. சுடாத குக்கி மாவை உறைய வைத்து நான் போட்டுக் கொடுத்த ஜிப் லாக் கவர், அவர் வீட்டு ஃப்ரீசரில் வஞ்சிரம் துண்டுகள் இருந்த டப்பாவின் மேல் மூன்று வாரம் கிடந்திருக்கிறது. கவருக்குள் மாவின் மேல் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. ஓரங்கள் காய்ந்து வெளுத்திருந்தன. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

மாவின் ருசிக்காக ஐந்து மாதம் உழைத்திருந்தேன். எந்த வெண்ணெய், எவ்வளவு சர்க்கரை, எத்தனை நிமிடம் என்று நோட்டு முழுக்க எழுதி வைத்திருக்கிறேன். கவரை மட்டும் டவுன்ஹால் பக்கம் ஒரு கடையில் பத்தே நிமிடத்தில் வாங்கினேன். அதற்குப் பிறகு ஒன்றரை வருடத்தில் மூன்று தடவை கவர் மாற்றியிருக்கிறேன். வீட்டிலிருந்து உறைந்த தின்பண்டம் விற்க நினைப்பவர்களுக்கு உதவும் என்று அந்த அனுபவத்தை எழுதுகிறேன். குக்கி மாவுக்கு மட்டுமில்லை, உறைய வைத்த சமோசா, பரோட்டா விற்பவர்களுக்கும் இதில் பாதியாவது பொருந்தும்.

நான் கோயம்புத்தூரில் வீட்டிலேயே குக்கி சுட்டு விற்றுக்கொண்டிருந்தேன். 2022 தீபாவளி சமயத்தில் கூரியரில் போன டப்பாக்களில் பாதி நொறுங்கிப் போய்ச் சேர்ந்தன. அப்போதுதான், மாவாகவே கொடுத்துவிட்டால் என்ன, அவரவர் வீட்டில் சூடாகச் சுட்டுக்கொள்ளட்டுமே என்று தோன்றியது. இப்போது நிறைய வீடுகளில் ஓடிஜி என்கிற சின்ன மின்சார ஓவன் இருக்கிறது. இல்லாதவர்கள் ஏர் ஃப்ரையர் வைத்திருக்கிறார்கள்.

முதலில் அரைக் கிலோ மாவை ஒரே கட்டியாக ஜிப் லாக் கவரில் போட்டு விற்றேன். அது இரண்டு விதத்தில் தப்பு. நாலு குக்கி சுட ஆசைப்படுகிறவர் முழுக் கட்டியையும் உருக வைக்க வேண்டும். மிச்சத்தை மறுபடி ஃப்ரீசரில் வைப்பார். ஒருவர் மதியம் முழுக்க அடுப்படி மேடையில் வெளியே வைத்துவிட்டு, சாயந்தரம் திரும்ப உறைய வைத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. கட்டியாகக் கொடுத்தது நான்தான். இன்னொன்று, பெரிய கட்டி உள்ளே வரை உறைய ரொம்ப நேரம் எடுக்கும். வெளியே கல்லாக இருக்கும்போது நடுவில் மாவு மெதுவாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் சோடா உப்பு தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. முட்டையில்லாத வகைக்கு நான் தயிர் சேர்த்திருந்தேன். தயிரும் சோடாவும் உடனே சேர்ந்து பொங்கிவிடும், ஓவனுக்குப் போகும்போது பொங்குவதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. தயிரை நிறுத்திப் பாலுக்கு மாறினேன்.

கட்டியை விட்டுவிட்டு உருண்டைகளுக்கு வந்தேன். ஐஸ்க்ரீம் ஸ்கூப்பால் எடுத்து, தராசில் வைத்து, ஒன்று 40 கிராம். ஒரு பாக்கெட்டில் ஆறு, ஆக 240 கிராம். இதில் ஒரு வரிசை முறை உண்டு, அதை மாற்றக் கூடாது. உருண்டைகளைப் பட்டர் பேப்பர் விரித்த எவர்சில்வர் தட்டில் ஒன்றோடொன்று படாமல் வைத்து, முதலில் தட்டோடு ஃப்ரீசரில் நாலு மணி நேரம் விட வேண்டும். கல்லாக உறைந்த பிறகுதான் கவருக்குள் போட வேண்டும். மெதுவாக இருக்கும்போதே கவரில் போட்டால் ஆறும் ஒட்டி மறுபடி ஒரே கட்டியாகிவிடும். தட்டு காலியான உடனே அடுத்த தட்டு, அதற்குள் முதல் தட்டை பேக் செய்து முடித்தாக வேண்டும். ஏனென்றால் கோவை வெயிலில் பத்து நிமிடத்திலேயே உருண்டையின் மேல் ஈரம் கோர்த்துவிடும். அந்த ஈரத்தோடு கவரை மூடினால் அதுவே உள்ளே பனியாகும். இப்போது ஒரே நேரத்தில் ஒரு தட்டுதான் வெளியே எடுப்பேன்.

பனி எப்படி வருகிறது என்று புரிந்த பிறகுதான் கவரைப் பற்றி எனக்குத் தெளிவு வந்தது. ஃப்ரீசரில் ஐஸ் நீராக உருகாமலே நேராக ஆவியாகும். மாவில் உறைந்திருக்கும் ஈரம் அப்படி வெளியேறி, கவருக்குள் இருக்கும் காற்றில் கலந்து, கவரின் உட்பக்கத்தில் பனியாகப் படிகிறது. மாவு காய்கிறது. காற்று எவ்வளவு கூடுதலோ அவ்வளவு சீக்கிரம் இது நடக்கும். பனி கட்டாத வகை ஃப்ரிட்ஜுகளில் இது இன்னும் வேகம். அவை தங்கள் குழாயில் படியும் பனியைக் கரைக்க அவ்வப்போது லேசாகச் சூடேற்றிக்கொள்கின்றன, அதனால் உள்ளே குளிர் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். வாசனை விஷயம் வேறு. சாதாரண பாலித்தீன் ஈரத்தை ஓரளவு தடுக்கும், வாசனையையும் காற்றையும் தடுக்காது. வெண்ணெய் சுற்றியிருக்கும் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். வஞ்சிரம் மாவுக்குள் வந்த வழி அதுதான்.

இரண்டாவது கவர் அழகுக்காக வாங்கியது. பழுப்புக் காகிதம் ஒட்டிய, தானாக நிற்கும் பை, முன்னால் ஒரு கண்ணாடி ஜன்னல். படம் எடுத்துப் போட்டால் அவ்வளவு நன்றாக இருந்தது. ஒரே தடவையில் 500 வாங்கிவிட்டேன். நிற்கும் பை என்றால் அடிப்பாகம் அகலம். ஆறு உருண்டை போட்ட பிறகு மேலே பாதிப் பை காற்று. பத்து நாளில் ஜன்னல் முழுக்கப் பனி மூடி உள்ளே இருப்பதே தெரியவில்லை. ஃப்ரீசரிலிருந்து வெளியே எடுத்ததும் காகிதம் வியர்த்து ஊறி, கையில் நைந்தது. முறுக்கு, பிஸ்கட் மாதிரி காய்ந்த பண்டத்துக்கு அந்தப் பை நல்ல பை. மீதியைச் சுட்ட குக்கிகளுக்குப் பயன்படுத்தித் தீர்த்தேன். புதுக் கவர் எதுவானாலும் 25 வாங்கி ஒரு மாதம் ஃப்ரீசரில் வைத்துப் பார்க்காமல் மொத்தமாக வாங்காதீர்கள்.

மூன்றாவது, காற்றை உறிஞ்சும் வாக்குவம் மெஷின். காற்றுதான் எதிரி என்று தெரிந்துவிட்டதே, அதை முழுக்க எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். வீட்டு உபயோக மெஷினுக்கு உட்பக்கம் கோடு கோடாக இருக்கும் தனிக் கவர்தான் பொருந்தும், வழவழப்பான கவரில் அது காற்றை இழுக்காது. அந்தக் கவர் விலை அதிகம். போகட்டும், மாவு நன்றாக இருந்தால் சரி என்று செய்தேன். என் ஃப்ரீசரில் இருந்தவரைக்கும் அருமையாக இருந்தது. பனியே இல்லை. ஆனால் திருப்பூருக்கு அனுப்பிய பாக்கெட்டில், வழியில் உருண்டைகள் கொஞ்சம் இளகியிருக்கின்றன. உள்ளே காற்று இல்லாததால் வெளிக்காற்று நாலு பக்கமும் அழுத்தி, ஆறு உருண்டைகளும் ஒரு அடையாகிவிட்டன. கல்லாக உறைந்திருக்கும்வரைதான் வாக்குவம் பாதுகாப்பு. பாதாம் துண்டு போட்ட மாவில் இன்னொரு தொல்லை. கூர்மையான முனை கவரை ஊசி முனை அளவுக்குக் குத்தி, இரண்டு நாளில் காற்று உள்ளே போய்விட்டது.

நாலாவதுதான் இன்று வரை நிற்கிறது. டவுன்ஹாலில் அதே கடைக்கு மறுபடி போனேன். இந்தத் தடவை வெறும் கையோடு போகவில்லை. உறைந்த உருண்டைகள், பனி பூத்த பழைய கவர், ஊறிய காகிதப் பை எல்லாவற்றையும் ஒரு சின்னத் தெர்மாகோல் பெட்டியில் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். கடை அண்ணன் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "இத மொதல்லயே சொல்லியிருந்தீங்கன்னா நானே வேற குடுத்திருப்பனுங்களே" என்றார். எடுத்துக் கொடுத்தது 90 மைக்ரான் தடிமனுள்ள நைலான்-பாலி கவர். வெளியே நைலான், உள்ளே பாலித்தீன். நைலான் காற்றையும் வாசனையையும் தடுக்கும், பாலித்தீன் ஈரத்தைத் தடுக்கும், சூட்டில் நன்றாக ஒட்டவும் செய்யும். குளிரில் விறைத்து உடைவதில்லை. சரசரவென்று சத்தம் போடும் பிபி (பாலிப்ரொப்பிலீன்) கவர்கள் ஃப்ரீசரில் நொறுங்கிவிடும் என்பதையும் அவர்தான் சொன்னார். கடையில் கவர் கேட்கும்போது அளவை மட்டும் சொல்லாதீர்கள். என்ன பண்டம், எத்தனை நாள், எந்தக் குளிரில், எவ்வளவு தூரம் போகும் என்று சொல்லுங்கள்.

இந்தக் கவரில் ஆறு உருண்டைகளையும் ஒரே அடுக்காக, இரண்டு வரிசையில் வைக்கிறேன். வரிசைகளுக்கு நடுவில் ஒரு துண்டு பட்டர் பேப்பர். கையால் தடவித் தடவிக் காற்றை வெளியேற்றிவிட்டுச் சூட்டு மெஷினில் ஒட்டுகிறேன். முழு வாக்குவம் இல்லை, ஆனால் தட்டையாக இருப்பதால் உள்ளே காற்று ரொம்பக் குறைவு. இளகினாலும் அழுத்தம் இல்லை.

ஒட்டுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் பத்தில் இரண்டு பாக்கெட் வாய் பிரிந்து வந்தது. மெஷினைச் சந்தேகப்பட்டு ரிப்பேருக்குக்கூடக் கொண்டு போனேன். காரணம் வெண்ணெய். உருண்டையை உள்ளே போடும்போது கவரின் வாயில் லேசாகத் தடவிவிடும், அந்த எண்ணெய்ப் பசையின் மேல் சூடு பிடிக்காது. இப்போது நிரப்பும் முன் கவரின் வாயை இரண்டு அங்குலம் வெளிப்பக்கமாக மடித்துவிடுகிறேன், சட்டைக் கையை மடிப்பது போல. நிரப்பிய பிறகு மடிப்பை நிமிர்த்தினால் ஒட்டும் இடம் சுத்தமாக இருக்கும். ஒரு ஒட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு ஒட்டு. ஒவ்வொரு நாளும் முதல் பாக்கெட்டைத் தண்ணீருக்குள் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்க்கிறேன். சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் பார்க்கிற அதே முறை.

அடுத்தது லேபிள். ஃப்ரீசரிலிருந்து எடுத்த பாக்கெட்டில் ஸ்டிக்கர் ஒட்டவே ஒட்டாது. காலிக் கவரில், அறை வெப்பத்தில், முந்தைய நாளே ஒட்டிவிட வேண்டும். பசை பிடிக்க ஒரு ராத்திரி தேவை. இங்க்ஜெட்டில் அடித்த லேபிள் வியர்வையில் மை கரைந்து, தேதி படிக்க முடியாமல் போனது. பிளாஸ்டிக் ஸ்டிக்கரில் லேசர் பிரின்ட் போட்ட பிறகு அந்தப் பிரச்சினை தீர்ந்தது. தேதியும் பேட்ச் எண்ணும் (எந்தத் தடவை செய்தது என்று காட்டும் எண்) மார்க்கரில் எழுதுவதானால் அதுவும் காலிக் கவரிலேயே. பனி படிந்த கவரில் எந்த மார்க்கரும் எழுதாது.

லேபிளில் என்ன இருக்க வேண்டும் என்பது நம் இஷ்டம் இல்லை. 2022-ல் நான் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம்) பதிவு எடுத்தபோது, வருட விற்பனை 12 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணம். ஆன்லைனிலேயே முடிந்தது. அந்த 14 இலக்க எண் பாக்கெட்டில் இருக்க வேண்டும். பொருளின் பெயர், எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாகச் சேர்மானங்கள், நிகர எடை, விலை, தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், பேட்ச் எண், முகவரி, புகார் சொல்ல ஒரு போன் எண், எப்படிப் பாதுகாக்க வேண்டும் என்பது. கோதுமை, பால், முட்டை, பாதாம், முந்திரி போன்ற கொட்டைகள் இருந்தால் ஒவ்வாமை உள்ளவர்களுக்காக அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். சைவத்துக்குப் பச்சை வட்டம். முட்டை சேர்த்திருந்தால் விதிப்படி அது அசைவம், சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் போட வேண்டும். முன்பு அதுவும் வட்டம்தான், பச்சைக்கும் பழுப்புக்கும் நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவர்களுக்காக வடிவத்தையே மாற்றினார்கள். 2020 லேபிள் விதிகளில் வந்த மாற்றம் இது. பழைய மாதிரியைப் பார்த்து அச்சடித்துவிடாதீர்கள்.

இந்த விஷயத்தில் நான் ஒரு தடவை நடுங்கிப் போனேன். ஒரே நாளில் முட்டை போட்டதும் போடாததும் செய்தோம். உறைந்த பிறகு இரண்டும் பார்க்க ஒரே மாதிரி. உதவிக்கு வரும் தங்கச்சி, "அக்கா, இந்தத் தட்டு எதுங்க?" என்று கேட்டபோது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதற்குள் 22 பாக்கெட்டுகளில் பச்சை வட்டம் ஏறியிருந்தது. எங்கள் வாடிக்கையாளர்களில் முட்டையைத் தொடாத வீடுகள் பாதிக்கு மேல். நம்பி வாங்குகிறார்கள். அத்தனை பாக்கெட்டையும் பிரித்து, முட்டை சாப்பிடுகிற அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்துவிட்டோம். அன்றிலிருந்து செவ்வாய் முட்டையில்லாதது, வெள்ளி முட்டை போட்டது. பாத்திரம், ஸ்கூப், தட்டு எல்லாம் தனித்தனி. அன்றைய லேபிளைத் தவிர வேறு லேபிள் மேஜைக்கு வராது.

லேபிளில் நான் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வரி, "பச்சையாகச் சாப்பிடக் கூடாது, சுட்ட பிறகே சாப்பிடவும்" என்பது. "முட்டைதான் இல்லையேங்க, குழந்தை கொஞ்சம் வழிச்சுச் சாப்பிட்டா என்ன?" என்று ஒரு அம்மா கேட்டார். மைதாவும் பச்சைப் பொருள்தான். வயலிலிருந்து வந்த கோதுமையை அரைத்தது, கிருமியைக் கொல்லும் சூடு எதையும் அது பார்த்திருக்காது. 2009-ல் அமெரிக்காவில் பாக்கெட் குக்கி மாவைப் பச்சையாகச் சாப்பிட்டு 30 மாநிலங்களில் 70-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஈ.கோலை என்ற கிருமியின் தொற்று வந்தது. அப்போது சந்தேகம் மைதாவின் மேல் விழுந்தது. 2016-ல் அங்கே வந்த இன்னொரு தொற்றில் கிருமியை மைதாவிலேயே கண்டுபிடித்தார்கள். உறைய வைத்தால் கிருமி சாகாது, தூங்கும். அந்த அம்மாவுக்கு இதை விவரமாகச் சொன்னேன். என் குழந்தைகளையும் கிண்ணத்தை வழிக்க விடுவதில்லை.

சுடும் முறையைத் தமிழில், பெரிய எழுத்தில், மூன்றே வரியில் எழுதினேன். உருக வைக்க வேண்டாம். இடைவெளி விட்டு அடுக்கவும். ஓடிஜியில் 170 டிகிரி, 14 முதல் 16 நிமிடம். ஓரம் சிவந்து நடு கொஞ்சம் மெதுவாக இருக்கும்போதே எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த மூன்று வரி போட்ட பிறகு, சந்தேகம் கேட்டு வரும் போன் பாதியாகக் குறைந்தது.

என் பக்கத்தில் பெரிய செலவு டீப் ஃப்ரீசர். வீட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரை நம்பித் தொழில் செய்ய முடியாது, நாள் முழுக்கத் திறந்து மூடுவார்கள். மேலே திறக்கும் பெட்டி வகை வாங்கினேன். திறந்தாலும் குளிர்க்காற்று கீழேயே தங்கும். உள்ளே ஒரு தெர்மாமீட்டர் எப்போதும் கிடக்கும், மைனஸ் 18-ஐ விட ஏறக் கூடாது. கரண்ட் போனால் திறந்து பார்க்கக் கூடாது. நிறைந்த ஃப்ரீசர் மூடியே இருந்தால் இரண்டு நாள் வரை தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள். காலியிடத்தில் தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து நிரப்புகிறேன். ஊருக்குப் போகும்போது, உறைந்த ஒரு தம்ளர் தண்ணீரின் மேல் ஒரு ரூபாய்க் காசு வைத்துவிட்டுப் போவேன். திரும்பி வரும்போது காசு ஐஸுக்குள் இறங்கி உறைந்திருந்தால், நாம் இல்லாதபோது உருகியிருக்கிறது என்று அர்த்தம்.

அனுப்புவதைப் பற்றி. உள்ளூருக்குத் தெர்மாகோல் பெட்டி போதும். சென்னைக்கு ராத்திரி ஆம்னி பஸ்ஸில் பார்சல் போகிறது, ஏற்றுவதும் எடுப்பதும் சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரம் கணக்கு வைக்க வேண்டும். கடையில் விற்கும் சாதா ஜெல் பேக் பூஜ்யம் டிகிரியில் உருகும், அதனால் பெட்டியைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கும். அந்தக் குளிரில் என் மாவு உறைந்து நிற்காது. சின்ன வயதில் குச்சி ஐஸ் வண்டிக்காரர் ஐஸில் கல்லுப்பைக் கொட்டுவது ஞாபகம் வந்தது. உப்பு சேர்ந்தால் உருகும் நிலை கீழே இறங்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் கல்லுப்பு கரைத்துத் தட்டையான பாட்டில்களில் முக்கால் அளவு ஊற்றி உறைய வைத்தேன். சுமார் மைனஸ் 6 டிகிரியை எட்டும்போதே அது முழுக்க உருகி முடிந்துவிடும். கீழே ஒன்று, மேலே ஒன்று, நடுவில் பாக்கெட்டுகள், இடைவெளியில் கசக்கிய காகிதம். பெட்டியில் காலியிடம் இருந்தால் குளிர் தங்காது, அதனால் சென்னைக்கு ஆறு பாக்கெட்டுக்குக் குறைந்து அனுப்புவதில்லை. வந்து சேர்ந்ததும் உருண்டை கெட்டியாக, ஜில்லென்று இருந்தால் நேராக ஃப்ரீசரில் வைக்கலாம். குளிர் போய்க் குழைந்து, வெதுவெதுப்பாக வந்திருந்தால் சாப்பிட வேண்டாம், படம் அனுப்புங்கள், வேறு அனுப்புகிறேன் என்று பெட்டி மேலேயே ஒட்டியிருக்கிறேன்.

பேக்கிங் செலவு முதலில் என் விலையில் இல்லவே இல்லை. கவர், லேபிள், பட்டர் பேப்பர் சேர்ந்து ஒரு பாக்கெட்டுக்கு எனக்கு ஒன்பதே கால் ரூபாய் ஆகிறது. தெர்மாகோல் பெட்டிக்குத் தனியாகப் பணம் வாங்குகிறேன், பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்கிறேன்.

எத்தனை நாள் வைக்கலாம் என்பதையும் ஊகித்து எழுதக் கூடாது. ஒரே நாளில் செய்த எட்டு பாக்கெட்டுகளை எடுத்து வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒன்றாகப் பிரித்து, முதல் நாள் சுட்டதன் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நாலாவது கவரில் 90 நாள் வரை ருசி மாறவில்லை. நாட்டுச்சர்க்கரை போட்டது பத்தாவது வாரத்துக்குப் பிறகு முன்பு போலப் பரவவில்லை, கொஞ்சம் மேடாகவே நின்றது. லேபிளில் 60 நாள் என்று போட்டேன். என் ஃப்ரீசர் வேறு, வாங்குகிறவர் ஃப்ரீசர் வேறு.

அந்த வேறுபாட்டைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரே பேட்ச் பாக்கெட்டுகளைத் திருப்பூரில் அக்கா வீட்டு இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜிலும், எதிர்வீட்டு அத்தையின் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜிலும், என் டீப் ஃப்ரீசரிலும் வைத்திருக்கிறேன். அத்தை வீட்டு ஃப்ரீசரில் தெர்மாமீட்டர் மைனஸ் 9 காட்டியது, மதியம் குழந்தைகள் ஐஸ் எடுக்கும் நேரத்தில் மைனஸ் 5. ஐந்தாவது வாரம் அத்தையே பாக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்து, "கண்ணு, இதுல லேசா பனி புடிக்குது பாரு" என்றார். அடுத்த தடவை லேபிள் அடிக்கும்போது ஒரு வரி கூடச் சேர்க்கிறேன்: ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் 30 நாட்களுக்குள் பயன்படுத்தவும்.